ஒரு மணி நேரத்தில் இரத்தம் சொல்லும் செய்தி

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

“நெருப்பில்லாமல் புகையாது” என்பது நம் முன்னோர் வாக்கு. தொலைவில் புகை எழக் கண்டால் அங்கே நெருப்பு உண்டென்று அறிகிறோம். ஆனால் அடுப்பு எரிகிறதா, குப்பை எரிகிறதா, கூரை பற்றிக்கொண்டதா என்பதை அருகில் சென்று பார்த்தால்தான் அறிய முடியும். நம் உடலுக்குள்ளும் இப்படி ஒரு நெருப்பு எரிவதுண்டு. அதன் புகையை நமக்குக் காட்டித் தரும் ஓர் எளிய இரத்தப் பரிசோதனையைப் பற்றியே இக்கட்டுரையில் காண இருக்கிறோம். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் ‘ஈ.எஸ்.ஆர்.’ என்று மூன்றெழுத்தில் காணப்படுவது அதுவே. அதன் தங்கை போன்ற ‘சி.ஆர்.பி.’ என்னும் பரிசோதனையையும் சேர்த்தே பார்ப்போம்.

காய்ச்சல் பல நாள் விடவில்லை, மூட்டு வலி தீரவில்லை என்று மருத்துவரிடம் சென்றால் இப்பரிசோதனைகளைச் செய்து வரச் சொல்வது வழக்கம். ஆனால் முடிவுத் தாளைக் கையில் வாங்கியதும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தைக் கண்டு ஒருவர் உறக்கம் இழக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மற்றொருவர் மருத்துவரிடம் திரும்பிப் போகாமலே இருந்துவிடுகிறார். இரண்டிலும் ஆபத்து உண்டு. ஆகவே இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தி எடுக்காமல் விட்டால் மறுநாள் அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய இந்நான்கையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் அழற்சியின் அடையாளங்களாக எழுதி வைத்தார். அழற்சி நோயன்று, நோயையும் காயத்தையும் எதிர்த்து உடல் நடத்தும் போர். அடிபட்ட இடத்துக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. வெள்ளையணுக்கள் அங்கே விரைகின்றன. அதனால்தான் சிவப்பும் சூடும் வீக்கமும் உண்டாகின்றன.

அழற்சிக்குக் கிருமிதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் தாய்மார்களின் கைகளைப் பார்த்திருக்கிறோம். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து கொப்புளம் எழும். அங்கே கிருமி இல்லை. ஆனாலும் அழற்சி உண்டு. சில நோய்களில் உடலின் காவற்படையே தவறுதலாகத் தன் மூட்டுகளைத் தாக்குகிறது. முடக்குவாதம் அத்தகையது.

கையில் நேரும் அழற்சி கண்ணுக்குத் தெரிகிறது. நுரையீரலிலோ இதயத்திலோ எலும்புக்குள்ளோ நேர்ந்தால் எப்படித் தெரியும்? அங்கேதான் இரத்தப் பரிசோதனை நமக்குத் துணை வருகிறது.

தேற்றாங்கொட்டையும் இரத்தமும்

மழைக்காலத்தில் ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கலங்கியிருந்தால், நம் பாட்டிமார் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். சிறிது நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். காரணம் என்ன? மண் துகள்கள் யாவும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. தேற்றாங்கொட்டையின் சத்து அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிகளாக்குகிறது. கட்டியின் எடை கூடுவதால் அது விரைந்து இறங்குகிறது.

நம் இரத்தத்திலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் உடையது. ஆதலால் அவை ஒட்டாமல் மிதக்கின்றன. உடலில் அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் ‘பைப்ரினோஜன்’ முதலிய சில புரதங்களை மிகுதியாகச் சுரக்கிறது. இப்புரதங்கள் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தள்ளும் ஆற்றலைக் குறைக்கின்றன. உடனே அணுக்கள் காசுகளை அடுக்கி வைத்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. சேர்ந்த அடுக்கு விரைவாக அடியில் படிகிறது. எனவே, சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்று அளந்தால் உடலில் அழற்சி இருக்கக்கூடுமா என்பதை ஊகிக்கலாம். இதுவே ஈ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணு படியும் வேகம்.

பரிசோதனை செய்யும் முறை

எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் எங்களை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று இதை நேரில் காணச் செய்தார்கள். முழங்கையின் உட்புறச் சிரையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கிறார்கள். நான்கு பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு வீதம் 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல் சேர்க்கப்படுகிறது. இரத்தம் உறையாமல் இருக்கவே இது. பின்னர் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாயில் அதை ஏற்றி, தாங்கியில் நேராக நிறுத்துகிறார்கள். குழாயில் 0 முதல் 200 மில்லிமீட்டர் வரை கோடுகள் உண்டு. சரியாக ஒரு மணி நேரம் கழித்து, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவின் உயரத்தை அளந்து எழுதுகிறார்கள். அவ்வளவுதான்! மின்சாரம் வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம். சில ஆய்வுக்கூடங்களில் இப்போது இதற்கும் இயந்திரங்கள் வந்திருப்பினும் தத்துவம் அதுவே.

அன்று தாங்கியில் ஐந்து குழாய்கள் நின்றன. ஒரு மணி நேரம் முடிந்தபோது ஒன்றில் இரத்தம் 8 மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது; அடுத்ததில் 65 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அந்த 65-க்கு உரியவர் யாரோ, அவருக்கு என்ன துன்பமோ என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை தாளில் கண்ட எண், அப்போது ஒரு மனிதராகத் தோன்றியது.

இது எளிய சோதனையே ஆனாலும் கவனம் மிக வேண்டும். குழாய் மூன்று பாகை சாய்ந்து நின்றாலே அளவு 30 சதவீதம் வரை கூடிவிடக்கூடும். சாய்ந்த குழாயில் அணுக்கள் ஒரு பக்கமாகச் சரிந்து விரைவில் இறங்கிவிடுவதே காரணம். வெயில் படக்கூடாது, மேசை அதிரக்கூடாது. எடுத்த இரத்தத்தை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். இதற்காகப் பட்டினி கிடக்க வேண்டிய அவசியம் இல்லை என்று ஆய்வுக்கூடத்து அக்கா கூறினார்கள்.

பொதுவாக 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 15 மில்லிமீட்டர் வரையும், பெண்களுக்கு 20 மில்லிமீட்டர் வரையும் இயல்பான அளவாகக் கொள்கிறார்கள். 50 வயதைக் கடந்த ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 30 வரை இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு 10 வரை. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இவ்வெல்லை சற்று மாறுபடும். அளவு 100-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் காரணத்தைத் தேடாமல் விடமாட்டார்கள்.

கண்டறிந்த அறிஞர்கள்

நோயாளிகளின் இரத்தம் வேகமாகப் படிவதைப் பழங்கால மருத்துவர்களே கண்டிருந்தனர். ஆயினும் 1897-ஆம் ஆண்டில் போலந்து நாட்டு மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி என்பவரே இதை முறையாக ஆராய்ந்து, பைப்ரினோஜனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை உணர்ந்தார். 1918-இல் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ராபின் ஃபோரேயஸ், கருவுற்ற பெண்களின் இரத்தம் விரைவாகப் படிவதைக் கண்டு எழுதினார். அதே நாட்டின் ஆல்ஃப் வெஸ்டர்கிரன் 1921-இல் காசநோயாளிகளிடம் இச்சோதனையை ஆராய்ந்து வெளியிட்டார். இன்றும் அந்த நீண்ட குழாய் வெஸ்டர்கிரன் குழாய் என்றே அழைக்கப்படுகிறது. நூறாண்டு கடந்தும் ஒரு கண்ணாடிக் குழாய் பயன்பாட்டில் இருப்பது வியப்பல்லவா?

தங்கை சி.ஆர்.பி.

1930-இல் நியூயார்க் நகரின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டனர். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்னும் பகுதியோடு அது சேர்ந்து படிந்தது. ஆகவே அதற்கு ‘சி’-யோடு வினைபுரியும் புரதம் என்று பெயர் வந்தது. சி.ஆர்.பி. என்பது அதன் சுருக்கமே. இதையும் கல்லீரலே உண்டாக்குகிறது.

அக்காளுக்கும் தங்கைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிய வேண்டும். சி.ஆர்.பி. சுறுசுறுப்பானது. அழற்சி தொடங்கிச் சுமார் 6 மணி நேரத்திலேயே உயரத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்தை அடைகிறது. அழற்சி அடங்கினால் சில நாட்களில் இறங்கிவிடுகிறது. ஈ.எஸ்.ஆர். மெதுவாக ஏறி, நோய் குணமான பின்பும் பல வாரங்கள் வரை உயர்ந்தே நிற்கக்கூடும். இன்று நோய் எப்படி இருக்கிறது என்பதற்குத் தங்கையும், நெடுநாள் நோயின் போக்கை அறிய அக்காளும் உதவுகிறார்கள். ஆனால் எங்கே நோய், என்ன நோய் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது!

புகை வேறு, நெருப்பு வேறு

அழற்சி இல்லாமலும் ஈ.எஸ்.ஆர். உயரலாம். கருவுற்றிருக்கும் காலத்திலும் முதுமையிலும் அது இயல்பாகவே கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தசோகை இருந்தால் கூடும். சிவப்பணுக்கள் குறைவாக இருக்கும்போது நெரிசலின்றி அவை எளிதாக இறங்கிவிடுகின்றன. நம் பெண்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அத்தை கைத்தறி நெய்பவர். உடல் வலி என்று சோதித்ததில் ஈ.எஸ்.ஆர். 42 என வந்தது. “இரத்தத்தில் கெட்டது சேர்ந்துவிட்டது” என்று யாரோ சொல்ல, இரண்டு மாதம் அவரே கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். வயிற்றெரிச்சல்தான் மிச்சம். பிறகு அரசு மருத்துவமனையில் காட்டியபோது, அவருக்கு இரத்தம் மிகக் குறைவு என்பதே தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் முட்டையும் வேர்க்கடலையும் மூன்று மாதத்தில் அவரைத் தேற்றின. ஈ.எஸ்.ஆரும் இறங்கியது. புகையை விரட்ட முயன்று அவர் இழந்தது இரண்டு மாதம்.

நம் மாவட்டமே அறிந்த மற்றொரு காலமும் உண்டு. 2020 மே மாதத்தில் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோர் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் கொரோனா விரைந்து பரவியது. அந்நாட்களில்தான் சி.ஆர்.பி. என்னும் சொல் வீட்டுக்கு வீடு வந்தது. மருத்துவமனையில் நோயின் கடுமையை அளக்க அது பெரிதும் உதவியது உண்மை. ஆனால் இலேசான காய்ச்சல் உள்ளவர்களும் அச்சத்தால் தாமே சோதனைகளைச் செய்துகொண்டனர். 2021 மே மாதத்தில், அப்போது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் இயக்குநராக இருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா, இலேசான நோய்க்கு இத்தகைய இரத்தச் சோதனைகள் தேவையில்லை என்றும், அவை வீண் பீதியையே உண்டாக்கும் என்றும் எச்சரித்தார்.

காசநோயையும் எடுத்துக்கொள்வோம். அதில் ஈ.எஸ்.ஆர். உயர்வது உண்டு. ஆனால் அதை வைத்து மட்டும் காசநோய் என்று முடிவு செய்யமாட்டார்கள். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தே பார்க்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. வீட்டிலிருந்தே மருந்து உண்டாலும் அதே அளவுக்குக் குணமாகும் என்று அம்மையத்தின் ஆய்வு 1959-இல் உலகுக்கு அறிவித்தது. குணமாயிற்றா என்பதைத் தீர்மானிக்க அவர்கள் முதன்மையாகப் பார்த்தது சளியில் கிருமி இருக்கிறதா என்பதையே. நெருப்பையே நேரில் சென்று பார்ப்பது என்றால் இதுதான். இன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஈ.எஸ்.ஆர். சரியாக இருக்கிறது என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. நோய் இருந்தும் இந்த எண் இயல்பாக இருப்பது உண்டு.

தொண்டை வலியும் இதயமும்

மாணவியராகிய நாம் மறக்கக் கூடாத நோய் ஒன்று உண்டு. ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் வாதக் காய்ச்சலே அது. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே அது பெரும்பாலும் பற்றுகிறது. ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்னும் கிருமியால் தொண்டை வலி வந்து, சரியாகச் சிகிச்சை பெறாமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றலாம். வீக்கம் ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு மாறிக்கொண்டே போகும். மூட்டு ஆறிவிடும், இதய வால்வுகளில் விழுந்த வடு ஆறாமல் நிற்கக்கூடும்.

எங்கள் தோழி ஒருத்திக்கு ஒன்பதாம் வகுப்பில் இது வந்தது. முதலில் முழங்கால், பிறகு கணுக்கால். “வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான்” என்று வீட்டில் எண்ணெய் தேய்த்தார்கள். அவளால் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க முடியாமற்போன பின்னரே மருத்துவரிடம் சென்றார்கள். ஈ.எஸ்.ஆர். 78 என்று வந்தது. மருத்துவர் அந்த எண்ணோடு நிற்கவில்லை. தொண்டை வலி வந்ததுண்டா என்று கேட்டார். இதயத்தை உற்றுக் கேட்டார். எக்கோ எடுக்கச் சொன்னார். 1944-இல் அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் இந்நோயைக் கண்டறிய விதிகள் வகுத்தார். பின்னர் திருத்தப்பட்டு இன்றும் வழங்கும் அவ்விதிகளில் மூட்டு வீக்கமும் இதயப் பாதிப்பும் பெரிய அடையாளங்கள், ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் சிறிய அடையாளங்களே. ஒரு சிறிய அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

சிகிச்சை தொடங்கியபின் அவளுடைய எண் 78-லிருந்து 40-க்கும், பின்னர் 14-க்கும் இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவள் தாளைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டுவாள். நாங்கள் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோல் சூழ்ந்து நின்று பார்ப்போம். ஒரு வேறுபாடு, இங்கே எண் குறையக் குறைய எங்களுக்கு மகிழ்ச்சி! ஆனால் 14 வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மறுபடி நோய் வந்து இதயத்தைத் தாக்காதிருக்க, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். இன்னும் பல ஆண்டுகள் போட வேண்டுமாம். அந்நாளில் அவளுடைய அம்மாவுக்குத் தறிக் கூலி இல்லை. அவளுக்குப் பாதி நாள் பள்ளி இல்லை. பாடக் குறிப்பை நாங்கள் முறை வைத்து எழுதிக் கொடுக்கிறோம். எண் நன்றாக இருக்கிறதே என்று ஊசியை நிறுத்தும் எண்ணம் ஒருமுறை அவள் வீட்டில் எழுந்தது. அப்போது, “எண் சரியானால் நெருப்பு அணைந்தது என்று பொருள், மறுபடி பற்றாது என்று பொருள் இல்லை” என்று மருத்துவர் விளக்கினாராம். எத்துணை உண்மை!

நாம் செய்ய வேண்டியவை

அன்பார்ந்த தோழியரே, பெற்றோர்களே! இதுவரை கண்டவற்றிலிருந்து நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை இவை:

1. மருத்துவர் எழுதித் தராமல் நாமாக இப்பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டாம்.

2. முடிவு உயர்ந்திருந்தால் அஞ்ச வேண்டாம். “இது எதனால் உயர்ந்திருக்கிறது? இரத்தசோகை இருக்கிறதா?” என்று மருத்துவரிடமே கேட்போம்.

3. முடிவு இயல்பாக இருந்தும் காய்ச்சலோ எடை குறைதலோ மூட்டு வீக்கமோ தொடர்ந்தால் மீண்டும் மருத்துவரிடம் செல்வோம்.

4. எண்ணைப் பார்த்துக் கடையில் மாத்திரை வாங்க வேண்டாம். ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் எண்ணை இறக்கிக் காட்டி, நோயை மறைத்துவிடக்கூடும். முன்பே மருந்து ஏதும் உண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வோம்.

5. பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாக ஒரே உறையில் பத்திரப்படுத்துவோம். ஓர் எண்ணைவிட, எண்கள் ஏறி இறங்கும் போக்கே மருத்துவருக்கு மிகுதியாக உதவும்.

6. காய்ச்சலுடன் கூடிய தொண்டை வலியை அலட்சியம் செய்ய வேண்டாம். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியாமல் உண்போம்!

நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இம்முடிவுத் தாள்களைப் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் அச்சான எண்ணையும் எழுத்தையும் அவர்களுக்குப் படித்துச் சொல்பவர்கள் பள்ளியில் படிக்கும் நாம்தான். அப்போது அரைகுறையாகச் சொல்லி அச்சுறுத்தவும் வேண்டாம்; ஒன்றுமில்லை என்று தட்டிக்கழிக்கவும் வேண்டாம். “இது புகை மட்டும்தான் பாட்டி, நெருப்பு எங்கே என்று டாக்டர் பார்த்துச் சொல்வார், வாருங்கள் போகலாம்” என்று கைபிடித்து அழைத்துச் செல்வோம். கற்ற கல்வி பிறருக்குப் பயன்படும் இடம் அதுவே.